நான்கு மாதமாக வாடகை வரவில்லை: சட்டப்படி என்ன செய்யலாம்?

உறையூர்மகள்

அனைவருக்கும் வணக்கம். திருச்சி உறையூரில் எங்கள் வீட்டின் மாடிப் பகுதியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். கீழே அம்மா மட்டும் இருக்கிறார். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். வாடகை மாதம் 9,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000. மாடியில் கணவன், மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பையன். மூன்று ஆண்டுகள் எந்தக் குறையும் சொல்ல முடியாதபடிதான் இருந்தார்கள். ஜூன் மாதத்திலிருந்து செப்டம்பர் வரை வாடகை வரவில்லை. முதலில் "அடுத்த வாரம் தந்துவிடுகிறேன் அக்கா" என்றார். பிறகு "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை.

அம்மாவுக்கு அந்த வாடகைதான் மருந்துச் செலவு, பால், மளிகை எல்லாம். மாமா வந்து பார்த்துவிட்டு, "ஃபியூஸைப் பிடுங்கு, தண்ணீர் மோட்டாரைப் போடாதே, ஒரு வாரத்தில் தானாகக் கிளம்பிவிடுவார்கள்" என்கிறார். அம்மா ஒப்பவில்லை. எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் அம்மா பட்டினி கிடக்கவும் முடியாது.

முத்திரைத்தாளில் எழுதிய 11 மாத ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. அதன் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, பதிவும் செய்யவில்லை. வீடு இன்னும் இறந்துபோன அப்பாவின் பெயரிலேயே இருக்கிறது. சட்டப்படி எங்கிருந்து தொடங்குவது?

கொங்குநாடன்

உங்கள் மாமா சொல்வதுதான் நடக்கிற காரியம் அம்மா. கோர்ட்டுக்குப் போனால் வாய்தா வாய்தா என்று ஆண்டுகள் ஓடிவிடும். வக்கீலுக்குக் கொடுக்கிற பணத்தில் இரண்டு வருட வாடகையே போய்விடும். வீடு உங்களுடையது. அவர்கள் வெளியே போயிருக்கும் நேரத்தில் ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, பாக்கியைக் கொடுத்துவிட்டுச் சாமானை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லுங்கள். நான் கோபத்தில் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் இருவர் இந்த நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கித் தேய்ந்ததைப் பார்த்தவன்.

வழக்காடி

கொங்குநாடன் ஐயா, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் இந்த யோசனையைக் கேட்டு நடந்தால் மாட்டிக்கொள்ளப்போவது அந்த அம்மாதான். இருபது ஆண்டுகளாக இந்த வகை வழக்குகளை நடத்துகிறேன். பாக்கி வைத்தவர் குற்றவாளிபோல் நின்ற வழக்குகள், உரிமையாளர் பூட்டுப் போட்ட மறுநாளே தலைகீழானதைப் பார்த்திருக்கிறேன்.

மின்சாரம், தண்ணீர், படிக்கட்டு விளக்கு, கழிவுநீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் தானாகவோ வேறு ஆளை வைத்தோ நிறுத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு சொல்கிறது. வாடகைதாரர் ஒரு மனு கொடுத்தால், உடனே இணைப்பைத் திருப்பிக் கொடு என்று இடைக்கால உத்தரவு வரும். பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது அப்போது பேச்சே அல்ல.

பூட்டுப் போடுவது அதைவிட மோசம். சட்டத்தின் வழியே அல்லாமல் ஒருவரை வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் அவர் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் தீர்வழிச் சட்டத்தின் (Specific Relief Act) 6ஆம் பிரிவில் வழக்குப் போட்டு உடைமையைத் திரும்பப் பெறலாம். வீடு யாருடையது என்ற கேள்வியே அதில் எழாது. நேற்றுவரை உள்ளே இருந்தவர் யார், அவரை எப்படி வெளியே அனுப்பினீர்கள் என்பது மட்டும்தான். உள்ளே இருந்த நகை காணவில்லை, பணம் காணவில்லை என்று ஒரு புகாரும் கூடவே வரும். அறுபதைத் தாண்டிய ஒரு பெண்மணி காவல் நிலையத்தில் போய் உட்கார வேண்டுமா?

உறையூர்மகள் அம்மா, மூன்று விவரம் சொல்லுங்கள். பழைய ஒப்பந்தத்தில் உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டது யார்? வாடகை எப்படி வந்தது, ரொக்கமா, வங்கிக் கணக்கிலா? உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா?

குடிக்கூலிக்காரன்

நான் வாடகை வீட்டில் இருப்பவன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மூன்று ஆண்டு ஒழுங்காகக் கொடுத்த மனிதர் திடீரென்று நிறுத்துகிறார், போனை எடுக்க மறுக்கிறார் என்றால், பெரும்பாலும் வேலை போயிருக்கும், அல்லது யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருக்கும். வெட்கத்தில்தான் போனை எடுப்பதில்லை. அம்மா மாடிக்குப் போய்ப் பையனிடம் பேச வேண்டாம், அந்த வீட்டு அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். பாக்கி கேட்பதற்கு அல்ல. என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்வதற்கு.

வாடகைதாரர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் உரிமையாளர் வாடகையை வாங்க மறுத்துவிட்டு, "பாக்கி வைத்துவிட்டான்" என்று நோட்டீஸ் அனுப்பினார். அப்படி நடந்தால் சும்மா இருக்காதீர்கள். வாடகை ஆணைய அலுவலரிடம் (Rent Authority) வாடகையைச் செலுத்த, வழக்காடி ஐயா சொன்ன 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. பணம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால் பாக்கி என்ற குற்றச்சாட்டு எழாது.

உறையூர்மகள்

நன்றி ஐயா. ஒப்பந்தத்தில் அம்மாவின் கையெழுத்துத்தான் இருக்கிறது. அப்பா அதற்கு முன்பே தவறிவிட்டார். வாடகை அம்மாவின் வங்கிக் கணக்கில் வந்தது. முதல் ஆறேழு மாதம் மட்டும் ரொக்கம். அதை அம்மா ஒரு நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். எங்களுக்குள் எந்தப் பிரச்சினையும் இல்லை.

வழக்காடி

அப்படியானால் நீங்கள் நினைப்பதைவிட நல்ல நிலையில்தான் இருக்கிறீர்கள்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது இங்கே பெரிய தடை இல்லை. வாடகை வாங்கும் உரிமை உள்ளவர்தான் இந்தச் சட்டத்தின் கண்ணில் உரிமையாளர். உங்கள் அம்மாவிடம் சாவி வாங்கிக் குடியேறி, அவருடைய கணக்கில் வாடகை போட்டவர், இன்றைக்கு "நீங்கள் உரிமையாளரே அல்ல" என்று சொல்ல முடியாது. சாட்சியச் சட்டத்தில் பழைய 116ஆம் பிரிவு, இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 122ஆம் பிரிவு அந்த வாயை அடைத்துவிடுகிறது. கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் மற்றவர்களின் எதிர்ப்பு இல்லாதபோது தனியாகவே மனுப் போடலாம். வாரிசுச் சான்றிதழை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிச் சட்டம். 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை மறந்துவிடுங்கள். 2019 பிப்ரவரி 22 முதல், நான் முன்பு சொன்ன 2017ஆம் ஆண்டின் புதிய சட்டம்தான் நடப்பில் இருக்கிறது. பழைய சட்டத்தில் "வேண்டுமென்றே பாக்கி வைத்தார்" என்று காட்ட வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லைச் சுற்றியே பல ஆண்டுகள் வாதாடியிருக்கிறோம். புதிய சட்டத்தின் 21(2) பிரிவில் வெளியேற்றக் காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. உங்களுக்குப் பொருந்துபவை இரண்டு.

ஒன்று, வாடகைப் பாக்கி. இரண்டு மாத வாடகை நிலுவையில் இருந்து, எழுத்துமூலம் கேட்டு நோட்டீஸ் கொடுத்து, அது கிடைத்த ஒரு மாதத்துக்குள் முழுத் தொகையும் வராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். அந்த ஒரு மாதத்துக்குள் அவர் முழுவதையும் கட்டிவிட்டால் வெளியேற்ற உத்தரவு கிடைக்காது. ஆனால் இந்தச் சலுகையை அவர் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாது. ஒரு முறை தப்பித்தவர் அதன்பிறகு மறுபடி இரண்டு மாதம் தொடர்ந்து நிறுத்தினால் கதவு மூடிவிடும்.

இரண்டு, எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாமை. எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை ஆணைய அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 4ஆம் பிரிவு சொல்கிறது. 11 மாதத்துக்கு எழுதினால் பதிவு வேண்டாம் என்று நம் ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தை வைத்து வந்த பழக்கம். புதிய வாடகைச் சட்டத்தில் 11 மாதத்துக்கும் பதிவு உண்டு. அப்படி ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதே வெளியேற்றக் கோரிக்கைக்கு ஒரு காரணம். காலாவதியான தாளை வைத்திருக்கும் பலர் இன்று இந்தப் பிரிவில்தான் மனுப் போடுகிறார்கள்.

இரண்டையும் சேர்த்தே கேட்கலாம். பாக்கியைக் கட்டி ஒன்றிலிருந்து தப்பினாலும் மற்றொன்று நிற்கும்.

அட்வான்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்று 11ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் கணக்கில் அது 27,000. நீங்கள் வாங்கியது 40,000. எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே இதைத்தான் எடுப்பார்: "அவர்கள் கையிலேயே என் கட்சிக்காரரின் பணம் 40,000 இருக்கிறது, பாக்கி 36,000தான், எங்கே பாக்கி?" என்று. அட்வான்ஸ் வீட்டைக் காலி செய்யும்போது சேதம், மின்கட்டணம் எல்லாம் கழித்துக் கொடுப்பதற்கான பாதுகாப்புத் தொகை, மாத வாடகைக்கு ஈடு அல்ல என்று பழைய ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நோட்டீசிலாவது தெளிவாக எழுதுங்கள். நாளைக்கு நழுவவிடாதீர்கள், ஐந்தாவது மாதம் வந்தால் பாக்கி அட்வான்ஸைத் தாண்டிவிடும், அதன்பிறகு உங்கள் கையில் பிடிமானமே இருக்காது.

பொன்மலை ஓய்வு

நான் அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். நோட்டீஸ் விஷயத்தில் மக்கள் தடுமாறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு "பார்த்துவிட்டார், நீல நிறக் குறி வந்துவிட்டது" என்று நிற்காதீர்கள். தபாலில், ஒப்புகையோடு அனுப்புங்கள். உறைமேல் அவருடைய முழுப் பெயர், மாடி, கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் ஒப்பந்தத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். "மேல் வீடு" என்று மட்டும் எழுதி அனுப்பி, உறை கீழ்வீட்டு அம்மாவிடமே வந்து சேர்ந்ததும் உண்டு. கணவன், மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியாக அனுப்புவது நல்லது.

தபால்காரர் போகும்போது மூன்றில் ஒன்று நடக்கும். வாங்கிக் கையெழுத்துப் போடுவார்கள். அல்லது வாங்க மறுப்பார்கள். அப்போது உறைமேல் "வாங்க மறுத்தார்" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுத் திருப்புவோம். அல்லது கதவு பூட்டியிருக்கும். தகவல் சீட்டு வைத்துவிட்டு வருவோம், அலுவலகத்தில் சில நாள் காத்திருந்துவிட்டு உறை திரும்பும். திரும்பி வந்த உறையைப் பிரிக்கவே கூடாது. ஒட்டியபடியே, அந்தக் குறிப்பு தெரியும்படியே வைத்திருக்க வேண்டும். கோபத்தில் கிழித்துப் போட்டவர்களை எனக்குத் தெரியும். பதிவு ரசீது, இணையத்தில் தெரியும் பட்டுவாடா விவரத்தின் அச்சு, திரும்பிய உறை மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

வழக்காடி

பொன்மலை ஐயா சொன்னதற்குச் சட்டத் துணையும் உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 106ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு நோட்டீஸை எப்படிக் கொடுக்கலாம் என்று சொல்கிறது: தபாலில் அனுப்பலாம், நேரில் கொடுக்கலாம், அவர் குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ வீட்டில் கொடுக்கலாம், அதுவும் முடியாவிட்டால் கட்டடத்தில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். சரியான முகவரிக்கு முறையாக அனுப்பிய தபாலை "வாங்க மறுத்தார்" என்றால், கிடைத்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும்.

நோட்டீஸில் வசைமொழி வேண்டாம். பலர் இரண்டு பக்கத்துக்குத் தங்கள் மனவேதனையை எழுதிவிட்டு, எவ்வளவு பாக்கி என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள். உங்களுக்கு இவ்வளவு போதும்:

"நீங்கள் மேற்படி முகவரியின் மாடிப் பகுதியில் மாதம் ரூ.9,000 வாடகைக்கு என்னிடம் குடியிருந்து வருகிறீர்கள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய நான்கு மாதங்களுக்கான வாடகை ரூ.36,000ஐ நீங்கள் செலுத்தவில்லை. நான் வைத்திருக்கும் முன்பணம் ரூ.40,000 வீட்டைக் காலி செய்யும்போது கணக்குத் தீர்ப்பதற்கானது; மாத வாடகைக்கு ஈடாக அதைக் கழிக்க நான் உடன்படவில்லை. இந்த அறிவிப்பு கிடைத்த ஒரு மாதத்துக்குள் மேற்படி ரூ.36,000ஐ என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கோருகிறேன். தவறினால் உங்களை வெளியேற்றவும் பாக்கியைப் பெறவும் வாடகை நீதிமன்றத்தை நாடுவேன்."

கீழே அம்மாவின் கையெழுத்து, தேதி. மாதவாரியாகக் கணக்கை ஒரு சிறிய அட்டவணையாக இணைத்தால் இன்னும் நல்லது. தொகையை ஒரு ரூபாய்கூடக் கூட்டி எழுதாதீர்கள். மின்கட்டணம் அவர் கட்ட வேண்டியதாக இருந்து பாக்கி இருந்தால் தனி வரியில் எழுதுங்கள். வக்கீல் மூலம் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. உங்கள் அம்மா பெண் என்பதால், 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி வருமானம் பார்க்காமலே அவருக்கு இலவச வக்கீல் உதவி கிடைக்கும். திருச்சி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். இதைப் பலர் அறியாமலே கடன் வாங்கி வக்கீல் வைக்கிறார்கள் என்பது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கடைவீதி

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்குப் பிரச்சினை வீடு அல்ல, கடை. வாடகைக்கு இருப்பவர் கடையைப் பூட்டிவிட்டுப் பல வாரமாக வருவதே இல்லை. சரக்கு உள்ளே இருக்கிறது. அதை எடுத்து விற்று வாடகையில் வரவு வைத்துக்கொள்ளலாமா?

வழக்காடி

கூடாது. புதிய சட்டம் குடியிருப்புக்கும் கடைக்கும் ஒன்றாகவே பொருந்தும். வழியும் இதே நோட்டீஸ், இதே வாடகை நீதிமன்றம்தான். உள்ளே இருக்கும் சரக்கின்மேல் உங்களுக்குத் தானாக எந்த உரிமையும் வராது. பூட்டை உடைத்தால் உள்ளே இருந்ததற்கும் இல்லாததற்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டிவரும். கடை முகவரிக்கும் அவர் வீட்டு முகவரிக்கும் நோட்டீஸ் அனுப்புங்கள், கடைக் கதவில் ஒட்டி, நாளிதழோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். அவர் வராவிட்டால் நீதிமன்றம் ஒருதலைப்பட்சமாகவே உத்தரவிடும். அதன்பிறகு அமீனா (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற வரும் ஊழியர்) முன்னிலையில், சரக்கைப் பட்டியல் எடுத்துக்கொண்டே கடை திறக்கும். கோவில் நிலம், அரசுக் கட்டடம், வக்பு சொத்து என்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அவற்றுக்கு வழி வேறு.

தெப்பக்குளம்

ஒரு சந்தேகம். பன்னிரண்டு ஆண்டு ஒரே வீட்டில் இருந்துவிட்டால் வீடு வாடகைதாரருக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே? இதற்குப் பயந்துதான் எங்கள் அப்பா பதினோரு மாதத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார். நல்ல குடும்பங்களைக்கூட அனுப்பிவிட்டார்.

வழக்காடி

இந்தப் பயத்தினால் எத்தனை நல்ல குடித்தனக்காரர்கள் அலைக்கழிக்கப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வேதனையாக இருக்கிறது. வாடகைதாரர் உங்கள் அனுமதியோடு இருப்பவர். அனுமதியோடு இருப்பவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் எதிரிடை அனுபோகம், அதாவது நெடுநாள் அனுபவித்ததாலேயே சொந்தம் என்ற வாதம், பேச முடியாது. பன்னிரண்டு ஆண்டு என்பது வாடகை உறவு முறிந்த பிறகும் உரிமையாளர் ஒன்றும் செய்யாமல் தூங்கினால் ஓடும் காலக்கெடு. வாடகை வாங்கிக்கொண்டு, ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டு இருப்பவருக்கு அந்தப் பேச்சே இல்லை.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டிய கெடு மூன்று ஆண்டு. வாடகைப் பாக்கியை அது கொடுக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் கேட்டு வழக்குப் போட வேண்டும். "பாவம், இருக்கட்டும்" என்று ஐந்து ஆண்டு விட்டுவிட்டு வருபவர்களுக்கு முதல் இரண்டு ஆண்டுப் பணம் போய்விடுகிறது.

கொங்குநாடன்

சரி ஐயா, நோட்டீஸ் கொடுத்து, மனுப் போட்டு, உத்தரவு வாங்கி, மேல்முறையீடு போய்... இதற்கு எத்தனை காலம்? அதுவரை அந்த அம்மா எதைச் சாப்பிடுவார்? சட்டம் பேசுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்வதில்லை.

வழக்காடி

நியாயமான கேள்வி. சட்டம் விரைவாக முடிக்கச் சொல்கிறது; நடைமுறையில் மாதங்கள் ஆகும், மேல்முறையீடு என்றால் இன்னும் நீளும். மறைக்கவில்லை. ஆனால் வழக்கு நடக்கும் காலத்து வாடகையைச் செலுத்தச் சொல்லி வாடகை நீதிமன்றத்திடம் தனி மனுப் போடலாம். பெரும்பாலானவர்கள் இதைக் கேட்பதே இல்லை. கேட்காததால்தான் வழக்கு முடியும்வரை சும்மா குடியிருக்கலாம் என்ற துணிச்சல் எதிர்த்தரப்புக்கு வருகிறது. முதல் வாய்தாவிலேயே அந்த மனுவைக் கொடுங்கள்.

இன்னொன்று. நோட்டீஸ் போனவுடன் சிலர் ஓடிப்போய் உரிமையியல் நீதிமன்றத்தில் "என்னைப் பலவந்தமாக வெளியேற்றப் பார்க்கிறார்கள்" என்று தடை உத்தரவு கேட்பார்கள். உங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதபடி முன்கூட்டியே கேவியட் மனுப் போட்டு வைக்கலாம். அது 90 நாள் நிற்கும்.

உறையூர்மகள்

நோட்டீஸ் அனுப்பினோம். வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குடிக்கூலிக்காரன் சார் சொன்னதுபோல அம்மா மாடிக்குப் போய் அந்த வீட்டு அம்மாவிடம் பேசினார். கணவருக்கு வேலை போய்விட்டதாம். இப்போது ஒரு குடோனில் கணக்கெழுதச் சேர்ந்திருக்கிறார், சம்பளம் பாதி. மறுநாள் இருவரும் கீழே வந்தார்கள். உடனே 10,000 தருவதாகவும், அக்டோபரிலிருந்து மாத வாடகையைத் தவறாமல் கட்டுவதாகவும், பையனுக்குப் பொதுத்தேர்வு முடியும்வரை, ஏப்ரல் கடைசிவரை இருக்க விட வேண்டும் என்றும் கேட்கிறார்கள். மீதிப் பாக்கி 26,000ஐ அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அம்மாவுக்குச் சம்மதம். "பத்தாம் வகுப்புப் பிள்ளையை நடுவில் எங்கே அனுப்புவது" என்கிறார். எனக்கும் சம்மதம்தான். ஆனால் ஏப்ரலில் கையை விரித்தால்?

கொங்குநாடன்

அம்மா, வாய்ப்பேச்சை மட்டும் நம்பாதீர்கள். இதைக் கையைப் பிடித்துச் சொல்கிறேன். இரக்கப்படுங்கள், ஆனால் எழுதி வாங்குங்கள்.

வழக்காடி

கொங்குநாடன் ஐயாவும் நானும் ஒத்துப்போகும் இடம் இது. எழுதி வாங்குங்கள், ஆனால் வெறும் முத்திரைத்தாளில் வேண்டாம். புதிதாக வாடகை ஒப்பந்தமும் போடாதீர்கள். போட்டால் அவருக்குப் புதிய காலமும் புதிய உரிமையும் நீங்களே கொடுத்ததாகிவிடும்.

வழக்குப் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) போக முடியும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இரு தரப்பும் வந்து சமரசத்தைச் சொன்னால், அதைப் பதிவு செய்து தீர்வாணை தருவார்கள். கட்டணம் இல்லை. அந்தத் தீர்வாணை உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. ஏப்ரலில் அவர் போகாவிட்டால் புதிதாக வழக்குப் போட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நேரே நிறைவேற்று மனுதான், அதாவது தீர்வாணையைச் செயல்படுத்தித் தரக் கேட்கும் மனு. வாடகை வழக்குகளில் இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

குடிக்கூலிக்காரன்

வாடகைதாரருக்கும் இது நல்லதுதான். ஏப்ரல்வரை யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள் என்ற நிம்மதி எழுத்தில் கிடைக்கிறது. அட்வான்ஸில் மிச்சம் எவ்வளவு, எந்தத் தேதியில் திரும்பக் கிடைக்கும் என்பதையும் அதில் எழுதச் சொல்லுங்கள். காலி செய்த பிறகு ஒரு மாதத்துக்குள் திருப்ப வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க அந்தப் பணம்தான் வேண்டும் என்பதால், சாவி கொடுக்கும் அன்றே தந்தால் அவர்களும் சொன்ன நாளில் கிளம்புவார்கள்.

வழக்காடி

அருமையான யோசனை. உறையூர்மகள் அம்மா, சமரசத்தில் இவை தெளிவாக இருக்கட்டும். மீதிப் பாக்கி 26,000. அது அட்வான்ஸ் 40,000இல் கழிந்து, 14,000 மிச்சம். அதிலிருந்து சேதத்துக்கும் மின்கட்டணத்துக்கும் உரியது போக, சாவி கையில் வந்த அன்றே கொடுக்கப்படும். அக்டோபரிலிருந்து ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதிக்குள் 9,000 அம்மாவின் வங்கிக் கணக்கில் வர வேண்டும். இரண்டு மாதம் தவறினால் ஏப்ரல்வரை காத்திருக்காமல் உடனே நிறைவேற்றலாம் என்ற வரி கட்டாயம் வேண்டும். ஒரு மாதத்துக்கே அப்படி எழுதலாம். பாதிச் சம்பளத்தில் இருக்கும் குடும்பம் என்பதால் நான் இரண்டு என்கிறேன்.

கணவன், மனைவி இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் மட்டும் போட்டுவிட்டு, நாளைக்கு "எனக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் குடியிருக்கிறேன்" என்று மனைவி தனி மனுவோடு வந்த வழக்குகள் உண்டு.

இடையில் ஏதாவது ஒரு மாதம் 5,000 மட்டும் கணக்கில் வந்தால் பதறித் திருப்பி அனுப்பாதீர்கள். அதற்கு முந்தைய மாதப் பாக்கி இருந்து, எந்த மாதத்துக்கு என்று அவர் குறிப்பிடாவிட்டால், அந்தப் பழைய பாக்கியில் வரவு வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய பாக்கி இல்லாவிட்டால் அன்றைக்கே ஒரு குறுஞ்செய்தி: "ரூ.5,000 பெற்றேன், இந்த மாத வாடகையில் ரூ.4,000 பாக்கி, தீர்வாணைப்படியான என் உரிமை இதனால் மாறாது." அவ்வளவு போதும்.

உறையூர்மகள்

எல்லாம் குறித்துக்கொண்டேன் ஐயா. வரும் வாரம் அம்மாவோடு போகிறேன். கடைசியாக ஒன்று: சாவி வாங்கும் அன்று என்ன எழுதி வாங்க வேண்டும்?

வழக்காடி

ஒரு தாளில் தேதி, நேரம், "மாடிப் பகுதியின் காலி உடைமையை ஒப்படைத்தேன், உள்ளே என் பொருள் எதுவும் இல்லை" என்ற வரி, மின்மீட்டர் அளவு, எத்தனை சாவி, எவ்வளவு பணம் திருப்பிக் கொடுத்தீர்கள் என்ற விவரம். இருவர் கையெழுத்தும், தெரு ஆள் இருவரின் சாட்சிக் கையெழுத்தும். பணத்தை ரொக்கமாகக் கொடுக்காமல் அவர் கணக்குக்கே அனுப்புங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வோர் அறையையும் திறந்து பார்த்து, பரணையும் பாருங்கள். மிச்சமிருக்கும் ஒரு பெட்டிக்காக மறுபடி மறுபடி வருவார்கள். தாளின் நகல் ஒன்றை அவர்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.